ஒன்பது புளியங்கொட்டையும் ஒரு டீகோடரும்

வணக்கம் மக்களே. ஆதம்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் விமானச் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவாண்டம் கணினியில் வரும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி என்று இன்று காட்டுகிறேன். கையில் இருப்பது தாயம் ஆடுகிற புளியங்கொட்டை, ஒரு பக்கம் தேய்த்தது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொன்றும் ஒரு க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் ஒரு பிட். வெள்ளை தெரிந்தால் பிழை இல்லை, கறுப்பு தெரிந்தால் இசட் பிழை, க்யூபிட்டுக்கு வரும் பிழை வகைகளில் ஒன்று. 1995இல் பீட்டர் ஷோர் தந்த ஒன்பது க்யூபிட் பிழைதிருத்தக் குறியீட்டை 2006இல் டேவ் பேக்கன் சப்சிஸ்டம் குறியீடாக, அதாவது சில இடத்தைக் கவனிக்காமலே விட்டுவிடும் வகையாக, மாற்றினார், அதுதான் இது. ஒன்பது க்யூபிட் அளவு இடத்தில் ஒன்றுதான் நம் தகவல், நான்கு ஸ்டெபிலைசர், அதாவது பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை, மீதி நான்கு கேஜ், அதாவது என்ன ஆனாலும் நமக்குக் கவலையில்லாத இடம்.

சரி, நடு வரிசையில் ஒன்றைப் புரட்டுகிறேன். எந்தக் கொட்டை என்று டீகோடர், அதாவது அளந்த விடைகளை வைத்துப் பிழை எங்கே என்று ஊகிக்கும் நிரல், கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, வரிசை தெரிந்தால் போதும், ஏனென்றால் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கொட்டை சேர்ந்து புரண்டால் அது கேஜில் மட்டும்தான் விழும், தகவலைத் தொடாது. இது புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகு.

வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஜோடி ஜோடியாக எக்ஸ் எக்ஸ் அளக்கிறோம், அதாவது இசட் பிழையைப் பிடிக்க இரண்டு க்யூபிட்டையும் சேர்த்துச் செய்கிற அளவை. மேல் இரண்டு வரிசைக்கு மூன்று ஜோடி, கீழ் இரண்டுக்கு மூன்று. இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். நடுவில் வேறு வகைப் பிழையைப் பிடிக்க ஒரே வரிசையின் இசட் இசட் ஜோடிகளையும் அளப்பதால், பிழையே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு எக்ஸ் எக்ஸ் விடையும் பிளஸ்ஸா மைனஸா என்று காசு சுண்டின மாதிரிதான் வரும். அந்த ஆறு விடையையும் அப்படியே டீகோடருக்குக் கொடுத்தேன், அது எங்கு பார்த்தாலும் பிழை என்றது. மூன்று மூன்றாகப் பெருக்க வேண்டும். பிழை இல்லாவிட்டால் அந்தப் பெருக்கல் மாறாது, அதுதான் சின்ட்ரோம், பிழையின் அடையாளம். மேல் பெருக்கல் மட்டும் மாறினால் மேல் வரிசை, கீழ் மட்டும் மாறினால் கீழ் வரிசை, இரண்டும் மாறினால் நடு. அந்த வரிசையில் ஏதாவது ஒரு கொட்டைக்கு இசட் போட்டால் முடிந்தது.

2021இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், மின்னூட்டம் உள்ள அணுக்களைப் பிடித்து வைக்கும் அயனிப் பொறியில் இதைச் செய்தே காட்டினார்கள், ஒன்பதோடு அளப்பதற்கு நான்கு சேர்த்து 13 க்யூபிட். ஆனால் கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. பெருக்க வேண்டிய விடைகளும் கூடும், ஒன்று தப்பாக அளந்தாலும் மொத்தப் பெருக்கலும் தப்பு.

அப்புறம் இதை நீங்களே செய்து பாருங்கள். மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் ஒன்று புரட்டுங்கள். இரண்டு பெருக்கலும் மாறும், டீகோடர் நடு வரிசை என்று சொல்லி அங்கேயும் ஒன்றைப் புரட்டும். இப்போது வரிசைக்கு ஒன்று கறுப்பு, சின்ட்ரோம் சுத்தம், உள்ளே இருந்த தகவல் மட்டும் மாறியிருக்கும்.