அணுப்பிளவுக்குப் பிறகு வரும் காமா: அளப்பது எப்படி?

[காட்சி: யுரேனியம்-235 அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது]

பிளந்த கணத்திலேயே ஏழெட்டு காமா கதிர்கள் பாய்ந்துவிடும். அதைப் பிளவு நடக்கும் இடத்தில்தான் பிடிக்க முடியும். இங்கே அளக்கப்போவது மிச்சத்தை. பிளவுத் துண்டுகள் சிதையச் சிதைய, வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும் காமா அது.

[காட்சி: கடிகாரம், பக்கத்தில் நிறமாலை]

கருவியைத் தொடும் முன் மாதிரியின் வயதைக் கேளுங்கள். சில நாள்தான் என்றால் அயோடின்-131, 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நிறமாலையில் ஓர் உச்சியாகத் தெரியும். இது காமாவின் ஆற்றல் அலகு; இனி வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் இதில்தான். சில வாரம் என்றால் லாந்தனம்-140, 1596இல். பல வருடம் கழிந்திருந்தால் சீசியம்-137இன் 662தான் ஓங்கி நிற்கும்.

சில மாத வயது மாதிரியில் சிர்கோனியம்-95 757இலும் நியோபியம்-95 766இலும் ஒட்டி நிற்கும். சோடியம் அயோடைடு படிக டிடெக்டரில் இரண்டும் ஒரே மேடாகிவிடும். அதன் உச்சி அகலமே அங்கே சுமார் 50. ஜெர்மானியம் டிடெக்டரில் 2க்கும் குறைவு. அதனால்தான் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்விக்கும் தொல்லையைப் பொறுத்துக்கொள்கிறோம்.

[காட்சி: ஈயக் கூண்டைத் திறக்கும் கை]

சுற்றிலும் 10 செ.மீ. ஈயம். உள்சுவரில் மெல்லிய செம்புத் தகடு. அது இல்லாவிட்டால் ஈயமே 75 பக்கம் எக்ஸ் கதிரை உமிழ்ந்து குழப்பும். அளவுத்திருத்தத்துக்கு யூரோப்பியம்-152 போதும்: 122இலிருந்து 1408 வரை உச்சிகள் கொடுக்கும்.

[காட்சி: திரையில் கணக்கு]

உச்சியின் நிகர எண்ணிக்கையை, அதாவது பின்னணியைக் கழித்த எண்ணிக்கையை, நேரம், திறன், உமிழ்வு விகிதம் மூன்றாலும் வகுங்கள். திறன் என்பது கிளம்பும் காமாவில் உச்சியில் பதிவாகும் பங்கு. உமிழ்வு விகிதம் என்பது ஒரு சிதைவுக்கு அந்தக் காமா வரும் பங்கு. சீசியத்துக்கு 1000 நொடியில் 5100 எண்ணிக்கை, திறன் 2 சதவீதம், உமிழ்வு 0.851 என்றால் சுமார் 300 பெக்கரல், அதாவது நொடிக்கு 300 சிதைவு. நேரம் என்றால் டெட் டைம், அதாவது கருவி ஒரு காமாவைப் பதியும்போது மற்றதை ஏற்காத நேரம், கழித்த நேரம். கடிகார நேரத்தைப் போட்டால் விடை குறைந்துவிடும்.

[காட்சி: மாதிரி டிடெக்டரை நெருங்குகிறது]

எண்ணிக்கை கூடட்டும் என்று மாதிரியை டிடெக்டரின் மூடிமேலேயே வைப்பார்கள். லாந்தனம் ஒரே சிதைவில் 487ஐயும் 1596ஐயும் சேர்த்தே உமிழும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் 2083 என்று பதிவாகும். 1596 உச்சியில் ஒன்று குறையும். சீசியம்-137க்கு ஒரே காமாதான், அதற்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனால் சீசியத்தை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். சந்தேகம் வந்தால் 25 செ.மீ. தள்ளி வைத்து மறுபடி எண்ணுங்கள்; அங்கே இரண்டும் ஒன்றாக விழுவது அரிது. அங்கே லாந்தனத்தின் பெக்கரல் கூடி வந்தால் தூர அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.