மரை போன பழைய புல்லட்

வணக்கம் நேயர்களே. பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் தரும் தொல்லை ஊரறிந்தது. நான் பேச வந்தது பிரேமில் இருக்கும் போல்ட் ஓட்டைகளைப் பற்றி. இறுக்க இறுக்கப் பிடிக்காமல் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தால் அதன் நுனியில் சுருள் கம்பி போல ஓட்டையின் உள்மரை, அதாவது போல்ட் திருகி ஏறும் சுருள் வெட்டு, உரிந்து வந்திருக்கும். “மரை போச்சு சார், வெல்டிங்தான்” என்று கடையில் சொல்லிவிடுவார்கள். அந்த வெல்டிங்குக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான் லேத் பட்டறைக்காரன், அதனால் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

முதல் வேலை, அது என்ன மரை என்று கண்டுபிடிப்பது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்பீல்டுடன் கைகோத்துச் சென்னையில் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. அப்புறம் திருவொற்றியூரிலேயே வண்டி முழுதாக உருவானது. வடிவமைப்பு ஆங்கிலேயருடையது, ஆகவே மரையும் அங்குலக் கணக்கு. அதிலும் ஒரே ரகம் கிடையாது. 55 டிகிரி கோணத்தில் வெட்டிய பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) மரை ஒரு பக்கம், அங்குலத்துக்கு 26 புரி (மரையின் சுற்று) கொண்ட சைக்கிள் மரை இன்னொரு பக்கம். இன்று ஹார்டுவேர் கடையில் போல்ட் கேட்டால் கையில் கிடைப்பது மெட்ரிக், அதாவது மில்லிமீட்டர் கணக்கு.

வம்பு இங்கேதான். 5/16 அங்குல போல்ட், பட்டறைப் பேச்சில் ரெண்டரை நூல், கிட்டத்தட்ட 7.94 மில்லிமீட்டர். கடையில் கொடுக்கும் போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்து எவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் பி.எஸ்.எஃப். மரையில் அங்குலத்துக்கு 22 புரி, 8 எம்.எம். போல்ட்டில் இருபதுக்குச் சற்று மேல். கையாலேயே ஓரிரு சுற்று உள்ளே போகும், பிறகு முறுக்கும். துரு என்று நினைத்து ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு பைப்பைச் செருகித் திருகுவார்கள். உள்ளே போகும், போகாமல் என்ன செய்யும்? பழைய புரிகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் உள்ள ஒற்றை சிலிண்டர் உலுக்குகிற உலுக்கலில் சில மாதம் தாங்கும், அப்புறம் லூசாகும். அடுத்த முறை ஸ்பேனர் வைத்ததும் மரை சுருளாக வந்துவிடும். என் பட்டறைக்கு வரும் மரை போன பிரேம்களில் பெரும்பாலானவை தேய்ந்து போனவை அல்ல, இப்படிக் கெடுக்கப்பட்டவை.

அதனால் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கவனியுங்கள். தலையில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் நுழையாமல் 14 போட்டால் ஆடுகிறதென்றால், அது 5/16 பி.எஸ்.எஃப். ஆக இருக்கலாம். அதன் தலை சுமார் 13.3 மில்லிமீட்டர். கழற்றிய பிறகு ஸ்கேலை வைத்து அரை அங்குலத்தில் எத்தனை புரி என்று எண்ணுங்கள். பி.எஸ்.எஃப். என்றால் 11, சைக்கிள் மரை என்றால் 13, மெட்ரிக் என்றால் 10. புரி இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. வண்டி நாலைந்து கை மாறியிருந்தால் போல்ட் ஒன்று, ஓட்டை வேறு என்றிருக்கும். ஓட்டையையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் இறுகும்போது சுமையை எல்லாப் புரிகளும் சமமாகப் பங்குபோட்டுக் கொள்வதில்லை. வாய்ப்பக்கத்து முதல் இரண்டு மூன்று புரிகளே பெரும்பங்கைத் தாங்கும், முதலில் உரிவதும் அவைதான். பல ஓட்டைகளில் அதற்கு உள்ளே நல்ல மரை அப்படியே இருக்கும், பழைய போல்ட் குட்டையாக இருந்ததால் அங்கே எட்டியிருக்காது. கம்பி விட்டு ஆழம் பாருங்கள். இரும்புக்குள் இரும்பு போல்ட் என்றால், போல்ட்டின் விட்டத்தின் அளவுக்கு நல்ல மரை கிடைத்தால் போதும். சற்று நீளமான போல்ட் ஒன்றிலேயே வேலை முடிந்துவிடும். சரியான டேப்பை (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) மண்ணெண்ணெய் தொட்டு, கையால், மெதுவாக ஓட்டி அழுக்கை எடுங்கள். அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால். இதற்கு முரட்டுத்தனம் உதவாது. அங்குல டேப் எல்லாக் கடையிலும் இருக்காது. சென்னையில் பாரிமுனைப் பக்கம் தேடலாம்.

மரை முழுவதும் போய்விட்டால் என்ன செய்வது? ஓட்டையைப் பெரிதாக்கி அடுத்த அளவு மரை அடிப்பது ஒரு வழி. சுலபம்தான், ஆனால் எதிரே மாட்டும் பிராக்கெட்டையும் துளைக்க வேண்டி வரும். ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைத் திருகுவது இன்னொரு வழி. 8 எம்.எம். போல்ட்டுக்குச் சுமார் 8.3 டிரில், அதற்கென்றே உள்ள டேப், பிறகு சுருள். மெட்ரிக்கில் எளிதாகக் கிடைக்கும், பி.எஸ்.எஃப்.-க்கு அலைய வேண்டும். எனக்குப் பிடித்தது புஷ். ஓட்டையை 12 எம்.எம். மரைக்குப் பெரிதாக்கி மரை அடித்து, உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய ஒரு இரும்பு புஷ்ஷை லேத்தில் கடைந்து திருகிவிடுவது. உள்மரையைப் பழைய கணக்கிலேயே வெட்டிக் கொடுக்கலாம், கம்பெனி போல்ட் அப்படியே பொருந்தும். ஆனால் குழாயின் மெல்லிய சுவரில் இது செல்லாது. பிரேமில் போல்ட் மாட்டுகிற கனமான இரும்புக் காதில், அதாவது லக்கில் மட்டும்தான், அதுவும் சுற்றிலும் போதிய இரும்பு மிஞ்சினால்.

போல்ட் உள்ளேயே முறிந்துவிட்டால் முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டை அவசரப்பட்டுத் திருகாதீர்கள். அது கடினமான எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும், பிறகு மின்பொறியால் எஃகை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் டூல் ரூமைத் தேட வேண்டும். முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டு அடித்து, சூடு சற்றுத் தணிந்ததும் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். சூடே துருவின் பிடியைத் தளர்த்திவிடும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்து, பேட்டரி வயரையும் பிடுங்கிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

ஓட்டையையே அடைத்துப் புதிதாகத் துளைக்கிற வெல்டிங்கை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய பிரேம்களில் சில மூட்டுகள் பித்தளை ஊற்றிப் பற்றவைத்தவை. பெயிண்டை லேசாக அரத்தால் சுரண்டுங்கள். மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே ஆர்க் வெல்டிங் கூடாது. உருகிய பித்தளை எஃகின் படிகத் துகள்களுக்கு இடையே ஊடுருவி வெடிப்பு விட வைக்கும். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், விரிசல் உள்ளே ஓடும். அப்படிப்பட்ட இடத்தை கேஸ் வைத்துப் பித்தளை வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சேஸிஸ் நம்பர் பக்கம் கிரைண்டர் படவே கூடாது. எஃப்.சி.க்குப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சொல்லி மாளாது.

சரி, புது போல்ட். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போடுவது இப்போது ஒரு மோகம். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 ரகம், தலையில் 8.8 என்று குத்திய இரும்பு போல்ட்டைவிட நீளத் தொடங்குவது சீக்கிரம். டூல் பாக்ஸுக்கு அது போதும், இன்ஜினைப் பிடிக்கும் இடத்துக்கு 8.8-தான். இறுக்கிய பிறகு போல்ட் தலையிலும் லக்கிலும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ஸ்பேனரை எடுங்கள், ஸ்பிரிங் வாஷர் போட மறந்திருப்பீர்கள்.