ஓரமாகப் போ, பிள்ளை

வணக்கம் நேயர்களே.

நான் முப்பத்தொரு வருடம் குடும்பநல மாதுவாக, அதாவது வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவிச்சியாக, வேலை பார்த்தவள். வன்னியில் அந்த வேலைக்கு இரண்டு சாமான்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று குழந்தையை நிறுக்கும் தராசு, மற்றது சைக்கிள். தராசைத் தந்தார்கள். சைக்கிளை நானே வாங்கினேன். வாய்க்கால் கரைகள், குடியேற்றத் திட்டத்து ஒழுங்கைகள், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி என்று நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றராவது மிதித்திருப்பேன். ஓய்வு பெற்ற அன்று பேரன் கணக்குப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, நீங்கள் உலகத்தைக் கிட்டத்தட்ட மூன்று முறை சுற்றிவிட்டீர்கள்" என்றான். சுற்றியது உலகம்தான், ஆனால் கிளிநொச்சியைத் தாண்டவில்லை.

வீதிப் பாதுகாப்புப் பற்றிப் பேச என்னை அழைத்தவர்கள், பெல், பிரேக், விளக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பூட்டுவதில்லை, அது வேறு கதை. நான் கேட்க வந்தது ஒரு சின்னக் கேள்வி. வீதியில் சைக்கிள் எங்கே ஓட வேண்டும்? இடது பக்கம் என்பீர்கள். சரி, இடது பக்கத்தில் எந்த இடத்தில்?

நம் எல்லோருக்கும் படலையடியில் வைத்துச் சொல்லித் தந்த பதில் ஒன்று இருக்கிறது. "ஓரமாகப் போ, பிள்ளை." பெண் பிள்ளை என்றால் அதை இரண்டு தடவை சொல்வார்கள். என் அம்மா எனக்குச் சொன்னார். நான் என் மகளுக்குச் சொன்னேன். அது பாதி உண்மைதான் என்பது ஒரு மதகடியில் எனக்கு விளங்கியது.

ஏ9 வீதிக்குக் காப்பெற், அதாவது வழுவழுப்பான புதுத் தார், போட்டு முடிந்த காலம். பரந்தன் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல் தாரின் விளிம்பில், கிரவலில் விழுந்தும் விழாமலும். எதிரே ஒரு லொறி, பின்னால் ஒரு வான். மதகு வந்ததும் கிரவல் ஓரம் முடிந்துவிட்டது, மதகின் கட்டுத்தான் மிச்சம். வான்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. லொறிக்கும் எனக்கும் நடுவில் நுழைந்தார். வானின் பக்கக் கண்ணாடி தோளில் தட்டியது. நான், சைக்கிள், தராசு மூவரும் வாய்க்காலுக்குள். நல்ல காலம், முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.

வான்காரரைத் திட்ட மாட்டேன். ஓடிப் போகாமல் நிறுத்தினார், இறங்கி வந்து தூக்கிவிட்டார். கைகள் நடுங்க நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொன்னார். "அம்மா, நீங்கள் ஓரமாகத்தானே போனீர்கள், அதுதான் இடம் காணும் என்று நினைத்தேன்." காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த வார்த்தைதான் மனதுக்குள் சுழன்றது. நான் ஓரமாகப் போனதாலேயே அவர் துணிந்தார். விளிம்பை ஒட்டிப் போகிற சைக்கிள், பின்னால் வருகிறவருக்கு ஒரு செய்தி சொல்கிறது: ஸ்ரியரிங்கைத் திருப்ப வேண்டாம், வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம், அப்படியே வாருங்கள்.

இடம் உண்மையில் காணுமா என்று பாருங்கள். ஒரு பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீற்றர். ஒரு பக்கத்துத் தடம் மூன்றரை மீற்றர் என்று வைத்தால் மிச்சம் ஒரு மீற்றர். அதற்குள் சைக்கிளின் ஹாண்டில் அறுபது சென்ரிமீற்றரைப் பிடித்துக்கொள்ளும். மீதி ஒரு முழம்கூட இல்லை. அந்த முழத்துக்குள்தான் பஸ்ஸின் காற்று, உங்கள் தள்ளாட்டம், கரியரில் கட்டிய அரிசி மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே நீங்கள் விளிம்பில் போனாலும் சரி, உள்ளே போனாலும் சரி, உங்களைப் பத்திரமாகக் கடக்க அந்தப் பஸ் நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். அது சாரதிக்குத் தூரத்திலேயே விளங்கும்படி ஓடுவதுதான் கெட்டித்தனம்.

நம் தலைமுறைக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னி வீதிகளில் என்ன ஓடியது? சைக்கிள், மாட்டு வண்டி, மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள். வீதி முழுக்க நம்முடையது. நான்கு பேர் சமாந்தரமாகக் கதைத்துக்கொண்டு போவோம். பிள்ளை பாரில், நெல் மூட்டை கரியரில், இடம்பெயரும்போது வீட்டில் பாதியும் அதிலேயே. சைக்கிள் ஓட நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாகனத்துக்கு நடுவில் ஓடத்தான் நாம் பழகவில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்து, 2006 இல் மீண்டும் மூடி, யுத்தம் முடிந்த பிறகு காப்பெற் போட்டபோது, பழைய பழக்கத்தோடு புதிய வேகத்துக்குள் இறங்கினோம். குண்டும் குழியுமான வீதியில் வாகனம் ஊர்ந்தது. வழுவழுப்பான வீதியில் அது பறக்கிறது.

சரி, எங்கேதான் ஓடுவது? நேரான, அகலமான வீதியில், தாரின் விளிம்பிலிருந்து முக்கால் மீற்றர் உள்ளே. உங்கள் கையை நீட்டினால் வரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் மணல் இருக்கிறது, போத்தல் ஓடு இருக்கிறது, மார்கழி மழை கடித்துத் தின்ற வெடிப்பு இருக்கிறது. தாரிலிருந்து கிரவலுக்கு இறங்கும் அந்த நாலு விரல் படியில் முன்சில்லு விழுந்தால் திரும்ப ஏறாது. ஏற்றப் பார்த்தவர்கள் பலர் வீதிக்குள் சரிந்திருக்கிறார்கள். முக்கால் மீற்றர் உள்ளே இருந்தால், ஒரு வாகனம் நெருக்கி வரும்போது இடது பக்கம் ஒதுங்க உங்களிடம் இடம் இருக்கும். விளிம்பிலேயே போகிறவருக்கு ஒதுங்க வாய்க்கால்தான் மிச்சம், நான் கண்டதுபோல.

மதகு, ஒடுங்கிய பாலம், திருத்த வேலை நடக்கும் இடம் இவற்றில் இன்னும் உள்ளே வாருங்கள், உங்கள் பக்கத்துத் தடத்தின் நடுவுக்கே. இதைச் சொன்னால் வீட்டில் ஏச்சு விழும். ஆனால் செய்யும் முறை இருக்கிறது. மதகுக்கு முப்பது, நாற்பது மீற்றர் முன்னாலேயே திரும்பிப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் வலது கையை நீட்டிக் காட்டிவிட்டு மெல்ல நகர வேண்டும், மதகைக் கடந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் ஐந்து செக்கன் பொறுப்பார். இடைவெளி இல்லையென்றால் மதகுக்கு முன்னால் காலை ஊன்றி நின்று அவரைப் போக விடுங்கள். இரண்டுமே நல்ல முடிவுகள். இரண்டுங்கெட்டானாக விளிம்போடு நுழைவதுதான் கூடாது.

இரவில் ஏ9 வீதியின் நடுவில் போங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொழும்பு பஸ்கள் ஓடும் நேரத்தில், விளக்கில்லாத சைக்கிளுக்கு அந்த வீதியில் நல்ல இடம் என்று ஒன்றுமே இல்லை. உள் வீதி இருந்தால் அதால் போங்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரடிக்கு வருவோம். அங்கே நிற்காமல் போகிற வாகனம் அபூர்வம். தேங்காய் உடைக்க, கச்சான் வாங்க, கால் நீட்ட என்று வீதியோரமெல்லாம் வான்கள் நிற்கும். நித்திரையால் எழும்பிய பயணிக்குப் பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பார்க்கத் தோன்றாது, கதவைப் படாரென்று திறப்பார். ஒரு கார்க் கதவு முழுதாகத் திறந்தால் ஒரு மீற்றர் அளவு வெளியே வரும். நிற்கும் வாகனங்களைக் கடக்கும்போது அந்த மீற்றரை விட்டு ஓடுங்கள். இரண்டு வான்களுக்கு நடுவில் வெறுமை இருந்தால் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வர வேண்டாம். பின்னால் வரும் சாரதிக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள். மாசி, பங்குனியில் வீதியில் நெல் காயப்போட்டிருக்கும் இடத்திலும் இதே கதைதான். நெல் தொடங்கும் இடத்தில் சடுதியாக வெட்டாமல், தூரத்திலிருந்தே நேர்கோட்டில் நகர்ந்துவிடுங்கள். காயப்போடுகிற என் விவசாயி அண்ணைமாரிடம் இதைப்பற்றிக் கதைத்தால் சண்டையில் முடியும், ஆகவே விடுகிறேன்.

சந்தியில் நிற்கும் பஸ்ஸுக்கு இடது பக்கத்து இடுக்கு, சைக்கிள்காரரை ஆசை காட்டிக் கூப்பிடும். போக வேண்டாம். பஸ் இடது பக்கம் திரும்பினால் அதன் பின்சில்லு முன்சில்லு போன வழியால் வராது, மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். சாரதியின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே, தடத்தின் நடுவில் நில்லுங்கள். அவர் போன பிறகு போகலாம்.

வலது பக்கம் திரும்புவது தனிக் கலை. கரடிப்போக்குச் சந்தியில் வாகனம் குறைந்த நேரமென்றால், திரும்பிப் பார்த்து, கை காட்டி, படிப்படியாக நடுக்கோட்டுக்கு வந்து திரும்பலாம். வேகமான நேரமென்றால் இடது ஓரத்தில் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். நான் முப்பது வருட அனுபவக்காரி, இன்றும் பாதி நாள் உருட்டித்தான் கடக்கிறேன்.

எனக்குக் கோபம் வருகிற விடயம் ஒன்று உண்டு. கடை பக்கத்தில்தானே என்று வலது ஓரத்தால் எதிர்த்து வருவது. சைக்கிள் பதினைந்து, வான் அறுபது கிலோமீற்றர் வேகம் என்று வையுங்கள். ஒரே திசையில் போனால், நூறு மீற்றர் இடைவெளியை வான் எட்டிப் பிடிக்க எட்டுச் செக்கன் எடுக்கும். எதிர்த்து வந்தால் ஐந்து செக்கனுக்குள் இருவரும் முகத்துக்கு முகம். ஒழுங்கையிலிருந்து வீதியில் ஏறுகிற சாரதியும் வலது பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். நீங்கள் அவருக்கு இடது பக்கத்தால் வந்து முளைக்கிறீர்கள்.

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகனோடு இதைக் கதைத்தபோது, அங்கே இதை எழுதியே வைத்திருக்கிறார்கள் என்றான். அவர்களும் நம்மைப்போல இடது பக்கத்தால் ஓடுகிறவர்கள். 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களின் வீதி விதிக்கோவைத் திருத்தத்தில், அமைதியான வீதியிலும், மெதுவாக நகரும் வாகனங்களுக்கு நடுவிலும், சந்தியிலும் சைக்கிள்காரர் தடத்தின் நடுவில் ஓடலாம் என்றும், வேகமான வீதியில் விளிம்பிலிருந்து அரை மீற்றராவது தள்ளி ஓட வேண்டும் என்றும் இருக்கிறது. மணிக்கு முப்பது மைல் வரையான வேகத்தில் சைக்கிளைக் கடக்கும் வாகனம் ஒன்றரை மீற்றராவது விட வேண்டும், அதற்கு மேற்பட்ட வேகமென்றால் இன்னும் கூட விட வேண்டும். அங்கே விதியாக இருப்பதை நான் வாய்க்காலுக்குள் விழுந்து படித்தேன்.

இவ்வளவுக்கும் அடிப்படை, திரும்பிப் பார்ப்பது. நம் பிள்ளைகளில் பலருக்கு அது வராது. தலை திரும்பினால் ஹாண்டிலும் கூடவே திரும்பிவிடும். பேத்திக்கு இதைப் பாடசாலை மைதானத்தில் வைத்துப் பழக்குகிறேன். மைதானத்தில் ஒரு நேர்கோடு போட்டு, அவள் அதில் ஓட, நான் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். அவள் திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொல்ல வேண்டும், சில்லு கோட்டை விட்டு விலகக்கூடாது. முதல் நாள் மூன்று விரலை ஐந்து என்றாள், சைக்கிள் வேலியில். இரண்டாவது கிழமை விரல் சரி, கோடு பிழை. நேற்றுப் பின்னேரம் இரண்டும் சரி. உடனே என்னை நிறுத்தி, "அம்மம்மா, இப்போது நீங்கள் ஓடுங்கள், நான் விரல் காட்டுகிறேன்" என்றாள். நான் நான்கு என்றேன். அவள் காட்டியது இரண்டாம். கண் பரிசோதனைக்கு அடுத்த கிழமை நாள் குறித்திருக்கிறேன்.

வணக்கம்.