பாழ் என்றால் காலி

வணக்கம் நேயர்களே. இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த நாளில் ஒரு விடைத்தாள் வந்தது. பாட்டி இறந்ததைப் பற்றி ஒரு பையன், "ஐ டெவஸ்டேட்டட்" என்று எழுதியிருந்தான். நொறுங்கிப்போனேன் என்று சொல்ல வந்தவன், நான் நாசமாக்கினேன் என்று எழுதிவிட்டான். நடுவில் ஒரு 'வாஸ்' போடாத குறைதான். அதை மட்டும் மேலே எழுதிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். மார்க்கில் கை வைக்க மனசு வரவில்லை.

அழிவைச் சொல்ல இங்கிலீஷில் சொற்களுக்கா பஞ்சம்? டெஸ்ட்ராய் என்றால், லத்தீன் வேரின்படி, கட்டியதைப் பிரித்துப் போடுவது. டெவஸ்டேட் அப்படியில்லை. அதன் வேர் 'வாஸ்டஸ்'. காலியான, பரந்து கிடக்கிற என்று பொருள். டெவஸ்டேட் என்றால் வெறுமையாக்குவது. நம்முடைய 'பாழ்' அச்சாக இதேதான். பாழ் என்றால் வெறுமை என்றும் பழைய தமிழில் பொருள் உண்டு. அதனால் ஒரு நாற்காலி உடைந்தால் டெவஸ்டேட் ஆகாது. ஊர் வேண்டும், விளைச்சல் வேண்டும், ஒரு குடும்பமாவது வேண்டும். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியதே, அதற்குப் பொருந்தும்.

அழகுக்கும் இதே சொல்லைப் போடுவார்கள், 'டெவஸ்டேட்டிங் பியூட்டி' என்று. சிரிக்காதீர்கள், நாமும் கொள்ளை அழகு என்கிறோமே!

வாஸ்ட், வேஸ்ட் இரண்டும் அதே வேரில் பிறந்தவைதான். காட்பாடிப் பக்கம் போகும்போது பாலாற்றுப் பாலத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கோடையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே எவ்வளவு அகலம்! அத்தனையும் மணலும் முள்செடியும், அங்கங்கே சாக்கடைத் தண்ணீரும். வாஸ்ட் என்பதா, வேஸ்ட் என்பதா? 2021 நவம்பரில் அதே ஆறு கரை புரண்டது. அப்போது பாலத்தில் நின்றவர்கள் கையிலெல்லாம் செல்போன்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரையும் நகம் தேயாமல் நின்றன. இடிபாடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கருவறையில் சாமி இல்லை. பல தலைமுறை இல்லை. 1981இல்தான் லிங்கம் திரும்ப வந்தது. அதுவரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை இடிந்த கோயில் என்று சொன்னதில்லை. "பாழாக் கிடக்குதுப்பா" என்றுதான் சொல்வார்கள்.