விரல் பட்ட கண்ணாடி

வணக்கம் நேயர்களே. நம் உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். அப்படியிருக்க, பீரோ கண்ணாடியில் பதியும் விரல் தடத்துக்கு அந்தப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது? நெற்றியைத் தடவுகிறோம், தலையைக் கோதுகிறோம். அங்கிருக்கும் எண்ணெய் விரலில் ஏறிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாரும் வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

எண்ணெய்ப் பிசுக்கை வெறும் தண்ணீர் கரைக்காது, இழுவிவிடும். வினிகரும் அதற்குப் பெரிய உதவி இல்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு போதும். பல வீடுகளில் கண்ணாடியை மங்கவைப்பது அழுக்கு அல்ல, அளவு மீறிய சோப்புதான் என்பது என் கட்சி. துணியைத் தோய்த்து இறுகப் பிழிந்து துடையுங்கள். ஈரம் காய்வதற்குள், நைந்த பருத்தி வேட்டித் துணியால் மீண்டும் ஒருமுறை துடையுங்கள். மைக்ரோஃபைபர் துணி இருந்தால் இன்னும் நல்லது. வெயில் விழும் ஜன்னலை அந்த நேரத்தில் தொடாதீர்கள். நீர் சட்டென்று காய்ந்து கோடு விழும். நிலைக்கண்ணாடியில் நேரடியாகத் தெளிக்கவும் வேண்டாம். விளிம்பில் இறங்கும் ஈரம் பின்புறப் பூச்சை அரித்துக் கறுக்கவைக்கும்.

கண்ணாடி என்றால் ஸ்டிக்கர் பொட்டு இல்லாமலா? அதன் பசை சோப்புக்கு மசியாது. சுரண்டாமல், சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். பசை இளகி உருண்டு வரும். பிறகு சோப்பு நீர்.

இப்போது வினிகருக்கு வருவோம். குளியலறைக் கண்ணாடியிலும் குழாயிலும் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டுச்செல்லும் உப்புக்கறை. பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. அதற்கு அமிலம்தான் மருந்து: வினிகரும் தண்ணீரும் சம அளவு, அல்லது எலுமிச்சைச் சாறு. பளிங்குத் தரைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பளிங்கும் சுண்ணாம்பு இனம்தான், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

எவர்சில்வர் கதவுகளில் மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள்.

தொலைக்காட்சித் திரையைக் கண்ணாடியாக எண்ணிவிடாதீர்கள். அமோனியா கலந்த திரவங்கள் அதன் மேல்பூச்சைக் கெடுக்கும். அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தடம் போகவில்லையா? துணியை லேசாக நனைத்துக்கொள்ளலாம். அழுத்தாமல் துடைத்தால் போதும். நன்றி, வணக்கம்.