சுவரிலிருந்து தொடங்குவோம்

வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் நின்றவன் நான். பிள்ளைகளுக்கு 'பி.டி. சார்'. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் தாய்மார்கள் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், பையன் செல்லில் பார்த்துவிட்டு ரூமுக்குள் தண்டால் எடுக்கிறான். வளர்கிற வயசு, உயரம் நின்றுவிடாதா?"

நிற்காதும்மா. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சிப் பகுதி இருக்கும். கீழே விழுந்தாலோ, தாங்க முடியாத எடையைத் தாறுமாறாகத் தூக்கினாலோ அங்கே அடிபடலாம். தன் உடம்பின் எடையை வைத்து முறையாகச் செய்கிற பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை, எலும்பை உறுதியாக்கும். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும், அதில் வாரம் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தண்டாலும், உட்கார்ந்து எழுகிற பஸ்கியும் அந்த 3 நாள் கணக்கில் வந்துவிடும்.

ஆகவே எனக்குப் பயம் உயரத்தைப் பற்றி இல்லை, எண்ணிக்கையைப் பற்றித்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். அரையாண்டு விடுமுறையில் நண்பர்களோடு பந்தயம் கட்டி, ஒரே மாலையில் விட்டு விட்டு 200 தண்டால் எடுத்திருக்கிறான். அதற்கு முன் பழக்கமே கிடையாது. மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தான். இரண்டு கையும் முழங்கையில் மடங்கியபடியே இருந்தன, நீட்ட முடியவில்லை. சட்டைப் பொத்தானை அவன் அம்மா போட்டுவிட்டிருந்தார். "ஒன்றுக்குப் போனால் என்ன நிறம்டா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "கட்டங்காப்பி மாதிரி சார்" என்றான். அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அளவு மீறும்போது தசை சிதைந்து, அதிலிருந்து வருகிற பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் பால் விடாத காப்பி போன்ற அந்த நிறத்தை மட்டும் மறக்க வேண்டாம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "யார் அதிகம் எடுக்கிறீர்கள், பார்ப்போம்" என்று போட்டி வைத்துப் பழக்கியவன் நான்தானே.

அதற்கப்புறம் நாலடிக் கம்பு ஒன்று வாங்கினேன். தண்டாலுக்குக் கையூன்றி நிற்கும் பையனின் முதுகில் நீளவாக்கில் வைப்பேன். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவில், இடுப்புக்குக் கீழே என மூன்று இடத்தில் கம்பு படிய வேண்டும். இறங்கி ஏறும்போது ஓரிடத்தில் விட்டுவிட்டாலும் அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. வயிறு தொட்டில் மாதிரித் தொங்கினால் பாரமெல்லாம் இடுப்புக்குப் போகும். வீட்டில் ஒட்டடைக் கம்பு இருக்கும், அது போதும்.

ஆனால் தரையில் தொடங்க வேண்டாம். சுவரிலிருந்து தொடங்குங்கள். சுவரில் கையூன்றி, ஓரடி பின்னால் நின்று, எட்டு முறை. பத்துக்கு மேல் முடியும் என்று தோன்றும்போதே எட்டில் நிறுத்திவிடுங்கள். இரண்டு மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும், இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். சுவர் சுலபமானால் திண்ணை, திண்ணை சுலபமானால் தரை. அந்தப் பையன் உடம்பு தேறி, டாக்டர் சரி என்ற பிறகு, சுவரிலிருந்து தரைக்கு வர நாலு மாதம் ஆயிற்று. தரையில் முதல் நாள் ஐந்தே ஐந்து எடுத்தான். கம்பு அசையவில்லை.

பஸ்கிக்கு ஒரு நாற்காலி போதும். உட்காரப் போவதுபோல் இறங்கி, நாற்காலியில் பட்டதும் எழ வேண்டும். குதிகால் தரையை விட்டுத் தூக்கக் கூடாது, முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. இதிலும் இரண்டு மிச்சம். திடுதிப்பென்று வளரும் வயதில் சில பிள்ளைகளுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் மேட்டில் வலிக்கும். தசைநார் அந்த எலும்பைப் பிடித்து இழுப்பதால் வருகிற வலி அது. அப்போது குதிப்பதையும் ஆழமான பஸ்கியையும் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்டால் தள்ளுகிற வேலை. இழுக்கிற வேலையும் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூங்காவில் இடுப்புயரக் கம்பி இருந்தால், ஆடாமல் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதைப் பிடித்துக் குதிகாலைத் தரையில் வைத்துச் சாய்ந்து, நெஞ்சைக் கம்பிக்கு இழுக்கலாம். குளியலறைக் குழாயிலும் ஜன்னல் கம்பியிலும் தொங்க விடாதீர்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர், இரண்டு நிமிடம்தான் என்று விரல் காட்டுகிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம், கைச்சுழற்சி. அப்புறம் இந்த மூன்றும் இரண்டு சுற்று. திங்கள், புதன், வெள்ளி போதும், மற்ற நாளில் விளையாடட்டும். மறுநாள் தசை லேசாக வலித்தால் சரி. மூட்டில் குத்தினால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருக்கும் பிள்ளை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். முட்டை, சுண்டல், பருப்பு போதும், பவுடர் டப்பா வேண்டாம். எட்டு மணி நேரமாவது தூக்கம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் இல்லை. அவர்களுக்கும் இதே சுவர், இதே நாற்காலி, இதே கம்புதான். வணக்கம்.