சி மேக்ரோ உருவாக்கும் குளோபல் பெயர்கள் ஏன் மோதுகின்றன?

[திரை: இரண்டு சி கோப்புகள் அருகருகே. இரண்டிலும் 12-ஆம் வரி ஒளிர்கிறது.]

குரல்: இரண்டு கோப்பிலும் ஒரே மேக்ரோ, அதாவது கம்பைலுக்கு முன்பே கோடாக விரியும் சுருக்கம். அது ஒரு குளோபல் மாறியை உருவாக்குகிறது. 'ஐட்டம்' என்ற சொல்லோடு வரி எண்ணை ஒட்டிப் பெயர் வைக்கிறது. தனித்தனியே கம்பைல் செய்தால் சிக்கலே இல்லை. இரண்டையும் ஒரே நிரலாக இணைக்க லிங்க் செய்யும்போதுதான் ஒரே பெயருக்கு இரண்டு வரையறை என்று பிழை வருகிறது, இரண்டு மேக்ரோவும் 12-ஆம் வரியில் இருப்பதால். ஒரு கோப்பில் மேலே ஒரு கமென்ட் வரி சேர்த்தால் வரி எண் மாறி, பிழை மறைந்துவிடும். தயவுசெய்து அதைத் தீர்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிழை வருவதே நல்லது. 2020-இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்புக்கு முன்பு, தொடக்க மதிப்பு தராத மாறிகளுக்கு ஒரே பெயர் இருந்தால், லிங்கர் சத்தமில்லாமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒரு மாட்யூல் எழுதியதை இன்னொன்று அழிக்கும், எச்சரிக்கைகூட வராது. பழைய கம்பைலர் என்றால் இப்படி ஒன்றாக்குவதைத் தடுக்கும் நோ-காமன் (-fno-common) ஆப்ஷனை நீங்களே போட வேண்டும்.

[திரை: மேக்ரோவின் தொடக்கத்தில் 'ஸ்டேட்டிக்' சேர்கிறது.]

குரல்: வேறு கோப்புக்குத் தேவையில்லாத மாறி என்றால் ஸ்டேட்டிக் ஆக்குங்கள். பெயர் அந்தக் கோப்போடு நின்றுவிடும். யாரும் நேரடியாகத் தொடாத ஸ்டேட்டிக் மாறியை ஆப்டிமைசர் நீக்கிவிடலாம். அதனால் ஆப்ஜெக்ட் கோப்பின் தனிப் பகுதியான செக்‌ஷனில் பதிவு செய்யும் மாறிக்கு, நீக்காதே என்று சொல்லும் 'யூஸ்ட்' (used) அட்ரிபியூட்டும் வேண்டும்.

இன்னொரு சூழல்: இரண்டு ஹெடர்கள், இரண்டிலும் மேக்ரோ ஒரே வரி எண்ணில், ஒரே கோப்பு இரண்டையும் சேர்க்கிறது. இங்கே ஸ்டேட்டிக் உதவாது. வரி எண்ணுக்குப் பதில், ஒவ்வொரு முறையும் புது எண் தரும் கவுன்டர் மேக்ரோ (__COUNTER__). சி23 தரத்தில் அது இல்லை. ஆனால் ஜிசிசி, கிளாங், விஷுவல் சி மூன்றிலும் உண்டு.

ஒட்டும்போது கவனம். மேக்ரோவில் இரண்டு சொற்களை ஒட்டும் ## குறிக்குப் பக்கத்தில் நேரடியாக வைத்தால் கவுன்டர் விரியாது. அதன் பெயரே எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் முறை பயன்படுத்தியதும் மோதல்தான். வெளி மேக்ரோ விரித்துக் கொடுக்க, உள் மேக்ரோ ஒட்ட வேண்டும்.

வேறு மாட்யூல் அந்த மாறியைத் தேட வேண்டுமென்றால் எண்ணே கூடாது. மாட்யூல் முன்னொட்டோடு முழுப் பெயரையும் மேக்ரோவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

[திரை: டெர்மினலில் 'என்எம்' கட்டளையின் வெளியீடு.]

குரல்: கடைசியில், கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்பில், அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் (nm) ஓட்டிப் பாருங்கள். மாறியின் பெயருக்கு முன் டி (D) அல்லது பி (B) பெரிய எழுத்தில் இருந்தால் பெயர் வெளியே தெரிகிறது. சின்ன எழுத்து என்றால் கோப்புக்குள் மட்டும்.